மேகங்களுக்கு யார் பிணை?

சென்ற தை மாதத் தொடக்கத்தில் நாங்கள் நால்வர் மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்குச் சென்றிருந்தோம். சாலையின் இருமருங்கும் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. வானம் லேசாக மூடியிருந்தது. வரப்போரம் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டோம். வழியைச் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தவர், "மழை பேயலைன்னாலும் பயம், பேஞ்சாலும் பயம் தம்பி. இப்ப ரெண்டு நாளு பேஞ்சுதுன்னா அவ்வளவும் போச்சு. கதிரு சாஞ்சு வயல்லயே முளைச்சுரும்" என்றார். ஐப்பசியில் அவர் கைகூப்பி வரவேற்றிருக்கக்கூடிய அதே மழைதான். பருவம் தவறினால் வரம் சாபமாகிவிடுகிறது என்பதைச் சொல்ல அவருக்கு இரண்டே வாக்கியங்கள் போதுமாயிருந்தன.

அந்தச் சொற்கள் எங்களோடு கடற்கரைவரை வந்தன. அங்கே நின்றபோது எங்கள் பேச்சு மணிமேகலைக் காப்பியம் கூறும் புகாரின் முடிவைப் பற்றிச் சென்றது. நாக நாட்டு இளவரசி பீலிவளையிடம் பிறந்த தன் மகனைக் கடலில் தொலைத்துவிட்ட சோழன் நெடுமுடிக்கிள்ளி, துயரத்தில் இந்திர விழாவை நடத்த மறக்கிறான். இருபத்தெட்டு நாள் நடக்க வேண்டிய விழா நின்றுபோகிறது. மணிமேகலா தெய்வம் சினம் கொள்கிறது; கடல் ஊரைக் கொள்கிறது. மகனை இழந்த ஒரு தந்தையின் மறதிக்கு ஊர் முழுவதும் தண்டனை பெறுகிறது. இயற்கையைப் படைக்கலமாகக் கையாளும் உரிமை அக்காலத்தில் தெய்வங்களிடம் மட்டுமே இருந்தது. அந்த உரிமையை மனிதர் எடுத்துக்கொண்ட ஒரு சம்பவத்தையும், அதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட ஒரு கடிதத்தையும் பற்றியே இக்கட்டுரை.

கடிதம் என்றதும், நம் மரபிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாண்டியன் ஒருவன் மேகங்களைச் சிறைப்பிடித்த கதை மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் மறையோன் பாண்டியனை வாழ்த்தும்போது அவனுடைய முன்னோரின் புகழாக இதைக் குறிப்பிடுகிறான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரிவாகக் கூறுகிறது. நாட்டில் மழை இல்லை. பொதிய மலையில் வந்து மேய்ந்த நான்கு மேகங்களை உக்கிரகுமார பாண்டியன் பிடித்து விலங்கிடுகிறான். இந்திரன் போருக்கு வருகிறான். பாண்டியன் எறிந்த வளை அவனுடைய முடியைச் சிதைக்கிறது. தோற்ற இந்திரன் ஓர் ஓலை அனுப்புகிறான்: மேகங்களை விடுவித்தால் மழை பெய்விப்பேன் என்று. பாண்டியன் அந்த ஓலையை நம்பவில்லை. அப்போது வேளாளன் ஒருவன் முன்வந்து, மேகங்களுக்குத் தான் பிணை என்கிறான். அதன் பின்னரே விலங்கு கழற்றப்படுகிறது. கார்காத்த வேளாளர் தம் குலப்பெயருக்குக் காரணமாக இக்கதையையே சொல்வர்.

புராணந்தானே என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கதையின் உள்ளே இருக்கும் அரசியல் அறிவை நோக்குக. வலியவன் எழுதித் தந்த ஓலை மட்டும் போதாது. அதற்குப் பிணை வேண்டும். பிணையாக நின்றவனோ மழை பொய்த்தால் முதலில் அழியப்போகும் உழவன். 20ஆம் நூற்றாண்டில் இந்தக் கதை வேறொரு வடிவில் மீண்டும் நடந்தது.

1946 நவம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர் விமானத்திலிருந்து உலர்பனியைத் தூவி, ஒரு மேகத்திலிருந்து பனி விழச் செய்தார். அதே மாதத்தில் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வொன்னகட், வெள்ளி அயோடைடுத் துகளும் அதே வேலையைச் செய்யும் என்று கண்டார். இதன் தத்துவம் எளியது. உயரமான மேகங்களில் நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே தொங்கிக்கொண்டிருக்கும். அவை உறைய ஒரு கரு தேவை. வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால் துளிகள் அதைப் பற்றிக்கொண்டு உறைகின்றன; பருத்து, கனத்து, விழுகின்றன. இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும்: இல்லாத மேகத்தை இம்முறை உண்டாக்காது. வந்து நிற்கும் மேகத்தைச் சற்றே தூண்டிவிடும், அவ்வளவே.

அவர்களுக்குத் தலைமை வகித்த நோபல் பரிசாளர் இர்விங் லாங்மியூர் இதன் ஆற்றலைப் பற்றி மிகப் பெரிய நம்பிக்கை கொண்டிருந்தார். 1947 அக்டோபரில் அட்லாண்டிக்கில் விலகிச் சென்றுகொண்டிருந்த ஒரு புயலில் உலர்பனி தூவினார்கள். புயல் திசை திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா பகுதியைத் தாக்கியது. தூவியதால் திரும்பியதா, தானாகவே திரும்பியதா என்ற விவாதம் எழுந்தது. புயல் முன்னரே திரும்பத் தொடங்கிவிட்டது என்பதே பிற்கால ஆய்வாளர் முடிவு. ஆனால் 'செய்ய முடியும்' என்ற எண்ணம் படைத்தலைமைகளின் மனத்தில் பதிந்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பருவமழை பொய்த்தது. பீகாரும் கிழக்கு உத்தரப் பிரதேசமும் கடும் வறட்சியில் சிக்கின. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு வாழ்ந்த காலம் அது. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் தஞ்சைத் தரணியின் நெல்லையும் புதிய வித்துகளையும் நம்பியிருந்தார். ஆடுதுறை 27 இங்கே வயல்களில் பரவிய ஆண்டுகள் அவை. தமிழகத்திலும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றிய கேள்விகளுள் அரிசி முதன்மையானது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனோ, தானியத்தை மொத்தமாக வாக்களிக்காமல் மாதம் பார்த்து, போக்குப் பார்த்து, அளந்து அளந்து அனுப்பினார். கயிற்றைக் குட்டையாகப் பிடித்திருக்கும் கொள்கை என்றே அதற்குப் பெயர் வந்தது.

அந்த நாள்களில் ஜான்சன் அரசு இந்தியாவுக்குத் தானியத்தோடு மழையையும் தர முன்வந்தது. 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'குரோமெட்' என்ற குறிப்புப்பெயரில், பீகார், உத்தரப் பிரதேச வானத்தில் மேகங்களைத் தூண்டும் முயற்சி இந்திய அரசின் இசைவுடன் நடந்தது. வெளியே சொல்லிக்கொள்ள வேளாண் வானிலை ஆய்வு என்ற பெயர் இருந்தது. சைனா லேக் என்னுமிடத்திலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வு நிலையத்தின் பியர் செயின்ட் அமன்ட் இதில் முன்நின்றார். ஆனால் மாசி பங்குனியில் கங்கைச் சமவெளியில் மேகம் ஏது? தூண்டத் தக்க மேகங்கள் போதிய அளவு வரவில்லை. முயற்சி பெரும்பயன் தராமலே முடிந்தது. அவ்வாண்டுப் பருவமழைதான் நாட்டைக் காப்பாற்றியது.

வரிசையைக் கவனியுங்கள். 1966 அக்டோபரில் லாவோஸ் மலைப்பகுதியில், போர்ப் பயன்பாடு கருதி, இதே நுட்பத்தின் சோதனை நடந்தது. 1967 தொடக்கத்தில் இந்தியாவில் பஞ்சம் தீர்க்கும் முயற்சி. 1967 மார்ச் 20 அன்று இந்தோசீனத்தில் போர் நடவடிக்கையாகவே மழைத்தூண்டல் தொடங்கியது. பீகாருக்கு வந்த அறிவும் லாவோசுக்குச் சென்ற அறிவும் ஒரே நிலையத்தில் வளர்ந்தவை. ஒன்று தானம், மற்றொன்று தாக்குதல். இரண்டும் இரகசியம். தானமாக வந்ததையும் மறைத்தே செய்தார்கள் என்பதுதான் எங்களை மிகவும் சிந்திக்க வைக்கிறது.

இந்தோசீனத்தில் நடந்ததற்கு 'போப்பை' என்று பெயர். வட வியட்நாமிலிருந்து லாவோஸ் காடுகளின் வழியே தெற்கே சென்ற ஹோ சி மின் பாதைதான் இலக்கு. லாரிகளும் மிதிவண்டிகளும் சுமைதூக்குவோரும் சென்ற மண்பாதை அது. பருவமழைக் காலத்தில் அது சேறாகிவிடும். மழைக்காலத்தை முன்னும் பின்னும் நீட்டிவிட்டால் பாதை மேலும் பல வாரங்கள் அடைபடும் என்பது கணக்கு. தாய்லாந்தின் உடோன் விமானதளத்திலிருந்து வானிலை விமானங்களும் உளவு விமானங்களும் பறந்து, மேகங்களின் மேல் அயோடைடுக் குப்பிகளை எரித்துப் போட்டன. 1972 ஜூலை 5 வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, 2,602 முறை பறந்து, 47,409 குப்பிகளைப் பயன்படுத்தினார்கள் என்று பின்னர் வெளியான சாட்சியம் கூறுகிறது. வரப்போரப் பெரியவர் அஞ்சிய அதே பருவம் தவறிய மழையை ஒரு வல்லரசின் படை திட்டமிட்டு வரவழைக்க முயன்றது.

செய்தி கசிந்த விதமும் சுவையானது. 1971 மார்ச்சில் பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் தம் பத்தியில் இதை எழுதினார். செனட்டர் கிளேபோர்ன் பெல் பாதுகாப்புத் துறைக்குக் கேள்விகள் அனுப்பினார். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி விடை மறுக்கப்பட்டது. 1972 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்ட் செனட் அயலுறவுக் குழுவின் முன் வந்தபோது, வட வியட்நாமின் மீது அத்தகைய செயலில் தாங்கள் ஈடுபட்டதே இல்லை என்றார். 1972 ஜூலை 3 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் சீமோர் ஹெர்ஷ் விரிவான கட்டுரை எழுதினார். இரண்டு நாளில் விமானங்கள் நின்றன.

பிறகுதான் அந்தக் கடிதம் வருகிறது. 1974 ஜனவரியில், பாதுகாப்புச் செயலர் பதவியிலிருந்து விலகி ஓராண்டு கழிந்த நிலையில், லேர்ட் அயலுறவுக் குழுவுக்குத் தம் பெயரில் ஒரு தனிமடல் அனுப்பினார். 1967, 1968 ஆண்டுகளில் வட வியட்நாமின் மீது அத்தகைய நடவடிக்கை நடந்திருக்கிறது என்று தமக்கு இப்போது தெரியவந்திருப்பதாகவும், எனவே தாம் முன்பு அளித்த சாட்சியம் சரியன்று என்றும் அதன் சாரம். மார்ச் 20 அன்று மூடிய அறையில் பெல்லின் துணைக்குழுவுக்குப் படை அதிகாரிகள் முழு விவரத்தையும் சொன்னார்கள். மே மாதத்தில் அது வெளியிடப்பட்டது. மேலே நாங்கள் கொடுத்த எண்கள் அங்கிருந்து வந்தவையே.

வானிலையைப் போர்க்கருவியாக்கியதை உயர்பொறுப்பில் இருந்த ஒருவர் தம் பெயரிட்டு ஒப்புக்கொண்ட கடிதம் என்ற வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது. ஆனால் அதில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 'இனிச் செய்யமாட்டோம்' என்ற உறுதி அதில் இல்லை. மழை யார் தலையில் பெய்தது என்ற கேள்வி இல்லை. அந்தப் பாதையின் ஓரத்திலும் நெல் விளைந்தது; அறுவடைக்கு வெயிலை எதிர்பார்த்த குடும்பங்கள் அங்கும் இருந்தன. அவர்களுக்கு யாரும் மடல் எழுதவில்லை.

அந்த மழை உண்மையில் கூடிற்றா? சில சிறு பகுதிகளில் மழை 30 விழுக்காடு வரை கூடியிருக்கலாம் என்று அமெரிக்கப் படை உளவுத் துறை மதிப்பிட்டது. எங்களுக்கு அதில் ஐயம் உண்டு. காரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1970களில் நம் திருவள்ளூர் உள்ளிட்ட சில இடங்களில் மேகங்களில் உப்புத்துகள் தூவிச் சோதித்தது. மகாராட்டிரத்தின் பாராமதியில் பதினொரு பருவங்கள் பொறுமையாகச் செய்த பிறகே, மழை சுமார் 24 விழுக்காடு கூடியது என்ற ஒரு முடிவுக்கு வந்தது. தூவிய நாளையும் தூவாத நாளையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டால்தான் அத்தனையும் சொல்ல முடியும். போர்க்களத்தில் அத்தகைய ஒப்பீடு ஏது? தானாகப் பெய்தது எவ்வளவு, பெய்வித்தது எவ்வளவு என்பது அந்த விமானிகளுக்கே தெரிந்திருக்க வழியில்லை. தமிழக அரசும் 1980களிலும் 1990களிலும் வறட்சி ஆண்டுகளில் செயற்கை மழை முயன்றதை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். அதனால் நம் ஏரிகள் நிரம்பிவிடவில்லை.

பலன் ஐயத்துக்குரியதாயினும் நோக்கம் ஐயத்துக்கு இடமற்றது. அதனால்தான் உலகம் ஓர் ஓலை எழுத முற்பட்டது. 1974 ஜூலையில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதைக் குறித்துப் பேச இசைந்தன. 1976 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, சுற்றுச்சூழலை மாற்றும் நுட்பங்களைப் பகைநோக்கில் பயன்படுத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. 1977 மே 18 அன்று ஜெனீவாவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1978 அக்டோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் இந்தியாவும் அவ்வாண்டிலேயே உறுதிசெய்தன. அமெரிக்கா 1980 ஜனவரியில்தான் உறுதிசெய்தது.

உடன்படிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. செயற்கையாக உண்டாக்கப்படக்கூடியவை என அது எடுத்துக்காட்டும் பட்டியலில் நிலநடுக்கம், ஆழிப்பேரலை, மழைப்பொழிவிலும் புயலிலும் ஏற்படும் மாற்றம் எல்லாம் இருக்கின்றன. புகாரைக் கடல் கொண்ட கதையையே சட்டமொழியில் எழுதினாற்போல் எங்களுக்குத் தோன்றியது. தடைக்குரிய விளைவு 'பரந்ததாக, அல்லது நீடித்ததாக, அல்லது கடுமையானதாக' இருக்க வேண்டும். பரந்தது என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர். நீடித்தது என்றால் சில மாதங்கள், ஏறத்தாழ ஒரு பருவம். கடுமையானது என்றால் மனித உயிருக்கும் இயற்கை வளத்துக்கும் பொருள் வளத்துக்கும் பெருங்கேடு. இந்த அளவுகோலோடு டெல்டா வயலுக்கு வந்து பார்ப்போம். அறுவடை நேரத்தில் நான்கு ஊர்களில் இரண்டு நாள் பெய்யும் மழை பரந்ததன்று, நீடித்ததன்று. அது 'கடுமையானது' என்று யார் தீர்ப்பது? உடன்படிக்கையின்படி முறையீடு செல்ல வேண்டிய இடம் பாதுகாப்பு மன்றம். அங்கே நிரந்தர உறுப்பினர் எவரும் தம் மறுப்பு வாக்கால் எந்த விசாரணையையும் நிறுத்திவிடலாம். மேகத்தைச் சிறைப்பிடிக்கும் வலிமை உள்ளவர்களே அவைத்தலைவர்களாகவும் இருக்கிறார்கள். லேர்டின் மடலில் ஒப்புதல் இருந்தது, உறுதி இல்லை. ஜெனீவா ஓலையில் உறுதி இருக்கிறது, ஒப்புதல் இல்லை. இரண்டிலும் பிணை இல்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, அது ஏதோ ஓர் ஆயுதச் சோதனையின் விளைவு என்ற வதந்தி உலகின் பல மூலைகளில் எழுந்தது. தெலங்கானாவின் முதல்வராக இருந்த கே. சந்திரசேகர ராவ் 2022 ஜூலையில், கோதாவரி வெள்ளத்துக்குப் பின்னே வெளிநாட்டுச் சதி இருக்கலாம் என்று பேசினார். சான்று எதுவும் காட்டப்படவில்லை. 2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் மூழ்கியபோதும் மேகத்தூண்டலின் மீதே பலர் பழி போட்டனர். பல நாள் முன்னரே கணிக்கப்பட்ட பெரும் மழை அமைப்பு அது என்று வானிலையாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு நழுவியதில் வெளிப்பட்ட ஆற்றலின் முன் மனிதரின் ஆயுதம் எதுவும் ஒரு பொருட்டன்று. ஒரு மேகத்தைச் சற்றே தூண்டுவதற்கும் ஒரு புயலைப் படைத்து ஏவுவதற்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. ஹெர்ஷின் கட்டுரையும் லேர்டின் மடலும் மெய். ஆகவே எல்லா வெள்ளமும் சதி என்று முடிவு கட்டுவது மெய்யன்று.

இருப்பினும் வதந்தியை நம்பும் எளியவர்மீது மட்டும் நாங்கள் குறைகாண மாட்டோம். ஒருமுறை பொய்ச்சாட்சியம் சொன்ன அரசு, மறுமுறை உண்மை சொன்னாலும் ஐயத்தோடுதான் கேட்கப்படும். பாண்டியன் இந்திரனின் ஓலையை நம்பாததற்குக் காரணமும் அதுவே. மறைத்துச் செய்ததால் வந்த இழப்புகளில் இதுவும் ஒன்று. 47,409 குப்பிகள் பெய்வித்த மழை வடிந்துபோயிற்று, அவை விதைத்த ஐயம் இன்னும் வடியவில்லை.

சிலப்பதிகாரம் தொடங்கும்போது திங்களையும் ஞாயிற்றையும் வாழ்த்திவிட்டு, மூன்றாவதாக மழையை வாழ்த்துகிறது. அதன் பிறகே புகார் நகரை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை யாருக்கும் உரியதன்று, ஆகவே எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் இந்த வரிசை முறையின் பின்னே இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். காலநிலை வெப்பமேறிவரும் இந்நாளில், வெயிலையே திருப்பி அனுப்பும் திட்டங்கள் ஆய்வாளர் நடுவே விவாதத்தில் உள்ளன. நல்ல நோக்கத்தோடுதான் பேசுகிறார்கள். 1967இல் பீகாருக்கு வந்தவர்களும் நல்ல நோக்கம் உடையவர்களாகவே தம்மைக் கருதியிருப்பர். எவருடைய வானத்தில், எவரிடம் கேட்டு, என்ற இரண்டு கேள்விகளும் அன்று கேட்கப்படவில்லை. இனியாவது அவை முதலில் கேட்கப்பட வேண்டும்.

திரும்பி வரும்போது அந்தப் பெரியவர் அதே வரப்பில் இருந்தார். மேகம் கலைந்திருந்தது. "தப்பிச்சோம் தம்பி, நாளைக்கு மெஷின் வருது" என்றார். பழங்கதையில் மேகங்களுக்குப் பிணை நின்றவன் அவரைப் போன்ற ஒருவன்தான். இன்று மேகங்களைப் பற்றிய ஓலைகள் எழுதப்படும் எந்த அவையிலும் அவருக்கு இருக்கை இல்லை. ஆனால் பிணைத்தொகை மட்டும் இன்றும் அவருடைய வயலிலிருந்துதான் போகிறது.